கீமோடாக்சிஸ்: ‘ஈர்ப்பு’ பொருந்துமா?

கீமோ என்றதும் புற்றுநோய் சிகிச்சைதான் நினைவுக்கு வரும். கீமோடாக்சிஸ் என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு முன்பாதியோடு சரி: இரண்டிலும் அது வேதிப்பொருளைக் குறிக்கிறது. பின்பாதியான டாக்சிஸ் கிரேக்கம். ஒழுங்குபட நிறுத்துதல், படை அணிவகுப்பு என்று பொருள். பெரணியின் ஆண் அணுக்கள் மாலிக் அமிலத்தை நோக்கி நீந்துவதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் 1884இல் விவரித்தார். வேதிப்பொருளை உணர்ந்து ஓர் உயிரோ உயிரணுவோ அதன் திசையிலோ எதிர்த்திசையிலோ இடம்பெயர்வதே கீமோடாக்சிஸ்.

இதைத் தமிழில் ‘வேதியீர்ப்பு’ என்றால் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்பதற்கு ஒரு புழுவே சாட்சி.

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் ஒரு நூற்புழு. (நூற்புழு அருமையான சொல், நெமட்டோடு என்பதன் கிரேக்க வேருக்கும் நூல் என்றே பொருள்.) நீளம் சுமார் 1 மி.மீ., நரம்பணுக்கள் 302, கண் கிடையாது. அழுகும் பழத்தில் பாக்டீரியாவை மோப்பம் பிடித்துத் தின்னும். லாக்டிக் அமில பாக்டீரியா வெளியிடும் டைஅசிட்டைல் அதற்கு மிகவும் பிடித்த வாசனை. வெண்ணெய் மணப்பதும் அதனால்தான். ஆய்வகத்தில் புழு வளர்க்கும் அகார் கூழ்த் தட்டின் ஓரத்தில் டைஅசிட்டைலில் ஒரு துளி வைத்தால் புழுக்கள் நெளிந்து நெளிந்து வரும். மணம் கூடினால் போன போக்கில் ஊரும். குறைந்தால் பின்வாங்கித் திரும்பும்.

டைஅசிட்டைலை உணரும் ஏற்பி (மணத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்), புழுவின் ‘ஏ.டபிள்யூ.ஏ.’ நரம்பணுவில் இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் கார்னீலியா பார்க்மன் குழுவினர் 1997இல் அந்த ஏற்பியை, விலகி ஓடச் செய்யும் ‘ஏ.டபிள்யூ.பி.’ நரம்பணுவில் மட்டும் அமைத்துப் பார்த்தார்கள். புழு வெண்ணெய் வாசனையைக் கண்டு ஓடியது! நோயுண்டாக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைத் தின்று அவதிப்பட்ட புழுவும் பிறகு அதன் வாசனையைத் தவிர்க்கிறது. ஈர்ப்பு மணத்தில் இல்லை, முகரும் உயிரில் இருக்கிறது. பூவின் மணத்தையும் குறித்த நம் ‘நாற்றம்’ இன்று மூக்கைப் பொத்த வைப்பது போலத்தான்.

ஆகவே திசை சொல்லாத சொல் வேண்டும். செடி வளைவதற்கு ‘ஒளிச்சார்பசைவு’ என்று பாடநூல்களில் படித்திருக்கிறோம். அங்கே செடி இடம் மாறுவதில்லை. இங்கே புழு ஊர்ந்தே போகிறது. அதனால் ‘வேதிச்சார்பு நகர்ச்சி’ என்பேன். வெண்ணெய் வாசனைக்கு வந்தால் ‘நேர்’, சூடோமோனாஸை விட்டு ஓடினால் ‘எதிர்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.