வீடில்லாத இளைஞர்களுக்கு முதலில் பறிபோவது தூக்கம்

பெருநகரங்களில் வீடில்லாத இளைஞர்கள் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் பலர் யார் கண்ணிலும் படுவதில்லை. நண்பன் அறையில் நாலு நாள், தெரிந்தவர் வீட்டில் இரண்டு நாள், இடையில் பேருந்து நிலையம். “எங்கே தங்குறே?” என்று கேட்டால் “ஃப்ரெண்டு ரூம்ல” என்று முடித்துவிடுவார்கள். “நேத்து ராத்திரி எங்கே தூங்குனே? இன்னைக்கு எங்கே?” என்று கேட்டால்தான் நிலவரம் தெரியும்.

வெளியில் படுப்பவருக்குத் தூக்கமும் காவல் வேலைதான். பை தலைக்கடியில், அதன் வார் கையில் சுற்றியபடி, செருப்பு பைக்குள், கைபேசி உள்பாக்கெட்டில். யாராவது எழுப்பி விரட்டினால் அதோடு சரி. பெண்களில் சிலர் இரவு முழுக்க நடந்துவிட்டுப் பகலில் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் கண்ணயர்வார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்கு நிதானம் குறைகிறது. எரிச்சல், மறதி, சொன்ன நேரத்துக்கு வராமை எல்லாவற்றையும் சோம்பேறித்தனம், போதை என்று எழுதிவைக்கும் வழக்கத்தை, இவர்களுக்கு உதவும் பணியில் இருக்கும் நாம் முதலில் விட வேண்டும். காலை 9 மணிக்கு நேரம் குறித்துவிட்டு ஆள் வரவில்லை என்று அவருடைய ஃபைலை மூடுவது நம் தவறு. மதியத்துக்கு மேல் குறியுங்கள். கைபேசியில் சார்ஜ் இருக்காது; துண்டுச்சீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

சிகிச்சை எங்கே சறுக்குகிறது என்பதற்கு, தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் வரும் சிரங்கு நல்ல உதாரணம். பெர்மெத்ரின் 5 சதவீத களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி விடாமல் பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஆடை கழற்றிப் பூச மறைவிடமும் மறுநாள் குளிக்கக் குளியலறையும் இல்லாதவரிடம் களிம்பை மட்டும் நீட்டினால் என்ன பயன்? குளியலுக்கு ஏற்பாடு, மாற்றுடை ஒரு செட் இரண்டும் கையில் இருந்தால் மட்டுமே தொடங்குங்கள். கழற்றிய துணியை வெந்நீரில் துவைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி 3 நாளுக்குக் குறையாமல் வையுங்கள். கூடப் படுப்பவர்களுக்கும் அன்றே பூச வேண்டும், இல்லையேல் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இது நடக்காது என்று தெரிந்தால், ஐவர்மெக்டின் மாத்திரை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை. பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் நீடிக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மருந்து கேட்கவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

பாதத்தைக் கேட்காமல் யாரும் காட்டமாட்டார்கள், நாற்றத்துக்குக் கூச்சம். ஈரக் காலுறை பல மணி நேரம் கிடந்தால், உறைபனி இல்லாமலே, 15 டிகிரி குளிரிலும் பாதம் வெளுத்துச் சுருங்கி மரத்துப்போகும். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டவும் விடாதீர்கள்: உணர்ச்சியில்லாத தோல் சுட்டாலும் தெரியாது. ஒற்றித் துடைத்து, மெல்லச் சூடாக்கி, காலை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கொப்புளமோ கறுப்போ தெரிந்தால் அன்றே மருத்துவமனை. உதவிப் பையில் எதைக் குறைத்தாலும் உலர்ந்த காலுறையைக் குறைக்காதீர்கள். ஆளுக்கு இரண்டு ஜோடி.