பலகைக்கு முன் திருகாணி

காணொளி பார்த்து வீட்டிலேயே செய்து மாட்டிய சுவர்த் தட்டு, பூச்சாடி ஸ்டாண்ட், ஓலை விளக்கு என்று எதையாவது பழுதுபார்க்கக் கூப்பிட்டால், முதலில் கண்ணில் படுவது ஆணித் தலையிலிருந்து சுவரில் வடிந்திருக்கும் மண்ணிறக் கோடுதான். வாடை தொடங்கியதும் அது இறங்கத் தொடங்கிவிடும். பலகை புதிது போலவே இருக்கும். அதைப் பிடித்திருந்த ஆணி பாதி கரைந்திருக்கும்.

காணொளியில் காட்டுகிற வடிவத்தில் பிழை இல்லை. அதைச் செய்தவர் வீட்டுக்குப் பக்கத்தில் கடல் இல்லை, அவ்வளவுதான். திருகோணமலை நகரமோ ஒரு பக்கம் உள்துறைமுகம், மறு பக்கம் திறந்த கடல் என்று நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெயரிலேயே உவர் வைத்திருக்கும் உவர்மலையிலிருந்து உப்புவெளி, நிலாவெளி வரை காற்றோடு உப்பும் வரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மழை இல்லாத நாளிலும் ஆணித் தலை லேசாக நனைந்தபடியே இருக்கும். கந்தளாயில் வருடக்கணக்கில் நிற்கிற அதே ஆணி, கடற்கரையோர வீட்டில் ஒரு வாடையைத் தாண்டத் திணறும். இங்கே செலவுக் கணக்கைத் திருகாணியிலிருந்து எழுதத் தொடங்குவதுதான் சரி.

கறுப்பு ஆணி வேண்டாம்

ஹாட்வெயாரில் "பலகைக்கு ஸ்குரூ ஆணி தாங்க" என்று மட்டும் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் கறுப்பு ஆணி. அது ஜிப்சம் பலகைக்கென்று செய்தது. மேலே இருக்கும் கறுப்பு பொஸ்பேற்றுப் பூச்சுக்குக் கறளைத் தடுக்கும் பலம் கிடையாது. போதாததற்கு உருக்கைக் கடினமாக்கியிருப்பார்கள். குறுக்காகப் பாரம் விழுந்தால் வளைந்து எச்சரிக்கை தராமல் தலை தெறித்துவிடும். வெள்ளி நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் வருகிறவை நாகப் பூச்சுப் போட்டவை. அந்தப் பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குகூட வராது. முடுக்கும்போது ட்றில் முனை ஒரு தடவை வழுக்கினால் போதும், தலையில் இருந்தது உரிந்துவிடும். கறள் அங்கேதான் தொடங்கும்.

வீட்டுக்குள்ளே 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். கடலைப் பார்த்த விறாந்தை, மொட்டை மாடி என்றால் 316. இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம் மொலிப்டினம் என்ற உலோகம். 316 இல் அது 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் உப்பு அதை இலகுவில் அரிக்காது. 304 வெளியே நின்றால் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு நிறம் ஏறும், பலம் உடனே குறையாது. படகுச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். கடலில் போகிறவர்களுக்கு விற்கிறவருக்கு இந்த எண்களைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

வாங்கியது உண்மையில் ஸ்டெயின்லெஸ்தானா என்று பார்க்கக் காந்தம் ஒன்று வைத்திருங்கள். வலுவாக ஒட்டினால் அது பெரும்பாலும் பூச்சுப் போட்ட வெறும் உருக்கு. மெல்லிய இழுவை இருந்தால் பயப்பட வேண்டாம், 304 ஐக் குளிர்நிலையில் உருவாக்கும்போது கொஞ்சம் காந்தத் தன்மை வருவதுண்டு. சந்தேகம் தீரவில்லையா? ஒரு தட்டில் ஈரத் துணியைப் போட்டு உப்புத் தண்ணீர் தெளித்து, வாங்கிய ஒவ்வொரு வகையிலும் ஒன்றை அதில் வைத்து மூன்று நாள் விடுங்கள். கறுப்பு ஆணி ஒன்றிரண்டு இரவிலேயே துணியில் தன் படத்தை வரைந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஆணிக்கு ஒரு குறை இருக்கிறது. அது மென்மையானது. முன்துளை போடாமல் முடுக்கினால் பாதியில் இறுகி, தலையில் உள்ள பள்ளம் மழுங்கிவிடும். 4 மி.மீ ஆணிக்கு பைன் போன்ற மென்மரத்தில் 2.5 மி.மீ துளை, பாலை, முதிரை என்றால் 3 மி.மீ. வழுக்குவதற்குச் சவர்க்காரம் தடவும் பழக்கம் நம்மிடையே உண்டு. சவர்க்காரம் ஈரத்தை வாங்கும். ஒரு துண்டு மெழுகுதிரியைத் தேய்த்தால் அதே வேலை நடக்கும், தீங்கு இல்லை.

தட்டைத் தாங்கும் 'ட' வடிவ பிராக்கெட்டையும் பாருங்கள். அலுமினிய பிராக்கெட்டில் பித்தளை ஆணி போட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் தின்னப்பட்டுத் துளையைச் சுற்றி வெள்ளைத் தூள் கட்டும். ஸ்டெயின்லெஸ் ஆணி போடுவதென்றாலும் நடுவில் ஒரு பிளாஸ்ரிக் வாசர் வையுங்கள்.

பலட் பலகை

துறைமுகமும் களஞ்சியசாலைகளும் இருக்கிற ஊர் என்பதால், சரக்கு அடுக்கி ஏற்றும் மரத்தட்டான பலட்டின் பலகை தேடினால் கிடைக்கும். வாங்கும் முன் பக்கக் கட்டையில் சூடு போட்ட முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர்ப் படமும், நாட்டுக் குறியீடும், அதற்குப் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தும் இருக்கும். எச்.டி (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியசில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்கிறது. எம்.பி (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு அடிக்கப்பட்டது. எம்.பி பலகையை வீட்டுக்குள் எடுக்க நாங்கள் சம்மதிப்பதில்லை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். முத்திரையே இல்லாத பலட்டில் எண்ணெய்க் கறையோ மருந்து வாசமோ இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், எதைச் சுமந்தது என்று யாருக்கும் தெரியாது.

எச்.டி என்றதும் எல்லாப் பூச்சியிலிருந்தும் காவல் கிடைத்துவிட்டதாக நினைப்பது பெரிய பிழை. சூடு அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைக் கொன்றது, நாளைக்கு வரப்போகிற கறையானுக்கு அது ஒரு தடையே இல்லை. 1 லீற்றர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரம், 20 கிராம் போரிக் அமிலம் கரைத்து, சீவிய பலகைக்கு இரண்டு தடவை தூரிகையால் பூசுங்கள். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவது போக வேண்டும், அப்போதுதான் உள்ளே இறங்கும். கையுறை போடுங்கள், கலக்கிய பாத்திரத்தைக் குசினிக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். மழை படும் இடத்தில் இந்த மருந்து கழுவுண்டு போய்விடும், உள்ளறைக்கு மட்டும்தான் சரி. சாப்பாடு நேரே படும் பலகைக்கும் வேண்டாம்.

பலட்டைக் கழற்றும்போது அலவாங்கால் நெம்பினால் பலகை நுனி பிளக்கும். அந்த ஆணிகளின் உடலில் வளையமோ முறுக்கோ இருக்கும், இழுத்தால் வராமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் இரும்பு அறுக்கும் வாள் பிளேட்டை விட்டு ஆணியை அறுப்பது நேரம் எடுக்கும், ஆனால் பலகை முழுசாக வரும். பிறகு ஆணித் துண்டுகளைப் பின்னிருந்து தட்டி வெளியே எடுங்கள். சீவுளி வைக்கும் முன் பலகை முழுக்கக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், சீவுளியின் அலகு மிஞ்சும்.

எந்த மாதத்தில் செய்கிறீர்கள்?

இதைக் காணொளி சொல்லாது. கச்சான் காற்று அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரை பலகை காய்ந்து சுருங்கும். நவம்பரிலிருந்து வாடை மழையில் ஊதும். நீளத்தில் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, அகலத்தில்தான் வரும். 100 மி.மீ அகலமான பைன் பலகை இந்த இரண்டு காலத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு அசையலாம். கச்சானில் பலகைகளை இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தால் வாடையில் அவை ஒன்றையொன்று தள்ளி நடுவில் முதுகு தூக்கும். கச்சானில் செய்யும்போது 2 மி.மீ இடைவெளி விடுங்கள். டிசம்பரில் செய்தால் நெருக்கியே வைக்கலாம், இடைவெளி தானாக வரும்.

பலகை காய்ந்துவிட்டதா என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. இடையில் 20 மி.மீ குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். ஒரு பலகையில் அடையாளம் போட்டு ஒவ்வொரு வாரமும் தராசில் நிறுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நிறை குறையாமல் இருந்தால் வேலைக்கு எடுக்கலாம்.

ஒரு தட்டு, அளவோடு

900 மி.மீ நீளம், 95 மி.மீ அகலம், 18 மி.மீ தடிப்பில் இரண்டு பலகை. இரண்டு பிராக்கெட், ஒரு கால் 200 மி.மீ, மறு கால் 150 மி.மீ. நீளமான கால் சுவரில், கீழ்நோக்கி இருக்க வேண்டும். பார்ப்பதற்கு மாறி வைத்தால் அழகு என்று குட்டைக் காலைச் சுவரில் வைக்கிறார்கள். தட்டு முன்னால் கவிழப் பார்க்கும்போது சுவரில் இருக்கும் காலின் கீழ் நுனி ஊன்றுகோல், மேல் ஆணி இழுபடும். அந்த இரண்டுக்கும் இடைத்தூரம் குறையக் குறைய இழுவை கூடும்.

கணக்கைப் பாருங்கள். புத்தகம் அடுக்கினால் ஒரு அடிக்கு 8 கிலோ என்று வையுங்கள், மூன்றடிக்கு 24, ஒரு பிராக்கெட்டுக்கு 12. மேல் ஆணிக்கு வரும் இழுவை 6 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், பெரிதில்லை. ஆனால் 20 கிலோ பிள்ளை ஒன்று தட்டின் முன் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால், அந்த ஒரே ஆணியில் மேலதிகமாக 21 கிலோ விழும். தட்டைத் தலைமாட்டிலோ தொட்டிலுக்கு மேலோ போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பிராக்கெட்டுகளை நுனியிலிருந்து 150 மி.மீ உள்ளே தள்ளி வையுங்கள். நடுவில் 600 மி.மீ வரும். ஒவ்வொரு பலகையையும் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் ஒரே ஒரு 4 × 16 மி.மீ ஆணியால் மட்டும் பிடியுங்கள். இரண்டு போட்டால் பலகை அசைய இடமில்லாமல் ஆணிகளுக்கு நடுவில் வெடிக்கும்.

இனிச் சுவர். சீமெந்துக் கல்லுக்கு மேல் பூச்சு 12 முதல் 15 மி.மீ இருக்கும். ஆணியைப் பிடிக்கத் துளைக்குள் வைக்கும் பிளாஸ்ரிக் உறையான ரோல் பிளக்கில் 30 மி.மீ நீளமான சின்னதைப் போட்டால் அதில் பாதி பூச்சில்தான் நிற்கிறது. பூச்சுப் பாரம் தாங்காது, கழன்றால் உள்ளங்கை அளவு சீமெந்தோடு வரும். 8 மி.மீ பிளக், 50 மி.மீ நீளம் வாங்குங்கள். ட்றில் முனையில் 75 மி.மீ இடத்தில் டேப் சுற்றி, அது வரை துளையுங்கள். தூசியை ஊதி எடுத்துவிட்டு, பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகும்படி ஆணியாலேயே தள்ளுங்கள். ஆணி 5 × 70 மி.மீ. பிராக்கெட் 2, பூச்சு 15, பிளக் 50, கூட்டினால் 67. மிச்ச 3 மி.மீ பிளக்கின் வாலைத் தாண்டினால்தான் அது முழுதாக விரியும்.

துளைக்கும்போது ட்றில் திடீரென்று உள்ளே பாய்ந்தால் நடுவில் பொந்து விட்ட கல். அங்கே சாதாரண பிளக் சும்மா சுற்றும். ட்றில்லின் ஹமர் முறையை நிறுத்திவிட்டுத் துளையுங்கள், உள்ளே போய்ச் சிறகு விரிக்கும் போல்ட் போடுங்கள். துளை பெரிதாகிவிட்டதென்று தீக்குச்சி திணிப்பது நம் ஊர் வைத்தியம். அந்தக் குச்சியும் மரம்தான், கச்சானில் சுருங்கும், பிடி விடும். 50 மி.மீ தள்ளிப் புதிதாகத் துளைப்பது மேல். சுவர் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தால் அந்த இடத்தில் எந்த ஆணியும் நிற்காது, பூச்சை உரித்துத் திருத்தும் வரை தட்டை மறந்துவிடுங்கள்.

வார்னிஷ் பற்றிச் சுருக்கமாக. 120, பிறகு 180 இலக்க சாண்ட் பேப்பர். முதல் பூச்சில் ஐந்தில் ஒரு பங்கு தின்னர் கலந்து, அதற்கு மேல் கலக்காமல் இரண்டு பூச்சு, இடையில் 240 இலக்கத்தால் மெல்லத் தேய்ப்பு. மேல் பக்கம் மட்டும் பூசுகிறவர்கள் அதிகம். பூசாத அடிப்பக்கம் ஈரம் குடித்து ஊத, பலகை கிண்ணம் போல் வளையும். வாடைக் காலத்தில் மத்தியானம் தாண்டிப் பூசினால் இரவு ஈரத்தில் வெள்ளை படரும். லின்சீட் எண்ணெய் பூசுவதென்றால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

ஓலை விளக்கும் கடல் பொருளும்

பனையோலைக் கூடையைக் கவிழ்த்து விளக்காக்குவது இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்ப் மட்டும் அதற்குள் போகக் கூடாது. 5 முதல் 7 வாட் எல்.இ.டி போதும், ஓலைக்கும் பல்புக்கும் நடுவில் 75 மி.மீ குறையாமல் இருக்கட்டும், கூடையின் மேற்பக்கம் திறந்திருக்கட்டும். எல்.இ.டியின் கழுத்து சூடாகும், காற்று போகாவிட்டால் சீக்கிரம் செத்துவிடும். கூடையின் பாரத்தை வயரில் விடாதீர்கள். 230 வோல்ற் ஓடும் வயர் ஹோல்டருக்குள் திருகில்தான் நிற்கிறது, காற்றுக்கு ஆடி ஆடி ஒருநாள் கழரும். கூரையில் தனிக் கொக்கி, அதில் நைலோன் கயிறு, வயர் தளர்வாகத் தொங்க வேண்டும். சட்டம் இரும்பென்றால் மூன்று கம்பி வயரும் எர்த்தும் கட்டாயம், அந்த இணைப்பை மின்வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். ஓலையை வாடையில் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

முருகைக்கல்லை அலங்காரத்துக்கு எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: முருகைக்கல் பெயர்ப்பது இலங்கையில் குற்றம். நிலாவெளிக்கு எதிரே இருக்கிற புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா, அங்கிருந்து எதையுமே எடுத்து வரக் கூடாது. கரையொதுங்கிய மரக்கட்டை வேறு விடயம். தார் வாசம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் இரண்டு வாரம் ஊறவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வெயிலில் வைத்ததும் வெள்ளைத் தூள் பூத்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, மறுபடி தொட்டிக்குள் போட வேண்டும். அவசரப்பட்டு அந்தக் கட்டையில் கொளுவி அடித்தால், முதல் மழைக்கே மண்ணிறக் கோடு இறங்கும்.