கல்லூரிப் பட்டியலைக் கீழிருந்து எழுதுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். முசிறிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் 19 வருடமாக வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்துகிறேன். பி.காம்., பி.பி.ஏ. சேர விரும்பும் பிள்ளைகள் ஒரு நோட்டுத் தாளில் கல்லூரிப் பெயர்களை எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

போன வருடம் ஒரு மாணவி அப்பாவோடு வந்தாள். அவர் வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார். 600க்கு 541 மார்க். தாளில் ஐந்து பெயர்: சென்னையில் எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், கோவையில் பி.எஸ்.ஜி., திருச்சியில் ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர். ஐந்துக்கும் நேரே ஒரே பாடம், பி.காம்.

“இதுல ஒண்ணுமே கிடைக்கலைன்னா எங்கம்மா போவே?”

“கிடைச்சிடும் சார்.”

அவள் அப்பா கேட்டது வேறு. “ஹாஸ்டலுக்கு எவ்வளவு சார் ஆகும்?” அந்தக் கேள்விக்குத் தாளில் இடமே இல்லை.

தாளைத் திருப்பிப் போட்டு, கடைசி வரியை முதலில் எழுதச் சொன்னேன். எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். மேலே இருக்கும் பெயர்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரே அவற்றைச் சொல்லும். கடைசிப் பெயர்தான் யோசித்து எழுத வேண்டியது. அங்கே சீட் கிடைக்கும் என்று மார்க்கே சொல்ல வேண்டும், மூன்று வருடச் செலவும் கடன் வாங்காமல் வீட்டால் தாங்க வேண்டும். இவ்வளவு இருந்தும், “அங்கயா, நான் போகமாட்டேன்” என்று பிள்ளை சொன்னால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். போக மனமில்லாத கல்லூரி பாதுகாப்பு ஆகாது. அப்படி எழுதிவைத்துவிட்டு, கடைசியில் எங்கும் சேராமல் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் முசிறி அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி என்று எழுதினாள். போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். பஸ் ஏறிப் போனாள், அங்கே படிக்கும் இரண்டு அக்காக்களிடம் பேசினாள், நூலகத்தை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தவள் அதை அடிக்கவில்லை. அதற்கு மேலே திருச்சி பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரியையும் அவளாகவே சேர்த்தாள்.

அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம் போதும், அதிலேயே பல கல்லூரிகளைக் குறிக்கலாம். பலருக்கும் தெரியாத விஷயம், பி.காம். தரவரிசையில் மொழிப்பாட மார்க் சேராது என்பது. மற்ற நான்கு பாடங்களை 400க்குத்தான் பார்ப்பார்கள். இவளுக்குத் தமிழில் 84, ஆங்கிலத்தில் 79. இரண்டையும் கழித்தால் 400க்கு 378. மொத்தத்தில் 90 சதவீதமாக இருந்தவள், அந்தக் கணக்கில் 94.5 சதவீதம். இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பையன்களுக்கு 2024 முதல் அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

பட்டியலின் நடுவில்தான் ஏமாற்றம் அதிகம். பழைய உதவிபெறும் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பி.காம். இரண்டு பிரிவாக இருக்கும்: அரசு உதவியில் நடக்கும் எய்டட் ஒன்று, அந்த உதவி இல்லாமல் நடக்கும் சுயநிதி ஒன்று. வளாகமும் பட்டமும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் பல மடங்கு வேறுபடும். கல்லூரிப் பெயரை மட்டும் எழுதினால் இது தெரியாது. அதனால் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்வேன். எய்டட் சீட் எட்டாக் கனியாக இருக்கலாம், சுயநிதி சீட் எளிதில் கிடைக்கலாம். கிடைத்தால் கட்டப் பணம் இருக்கிறதா என்பதை அந்த வரியிலேயே எழுதிவிட வேண்டும். கட்டணத்தோடு விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் எல்லாம் கூட்டி ஒரு தொகை போடுங்கள். பி.பி.ஏ. என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024-25 முதல் அது அவசியம்.

பாடத்திலும் கல்லூரிப் பெயரிலும் பிடிவாதம் வேண்டாம். இவளுக்கு சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) ஆக ஆசை. பிளஸ் டூ முடித்ததும் அதன் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். இல்லையென்றால் வணிகவியல் பட்டப்படிப்பில் 55 சதவீதம் எடுத்துவிட்டு நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். அதற்கு சென்னைக் கல்லூரிதான் வேண்டும் என்பதில்லை. எம்.பி.ஏ. ஆசை உள்ளவர்களுக்கும் இதேதான், எம்.பி.ஏ. சேர்க்கைக்கான கேட் (CAT) தேர்வை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம்.

உச்சியில் எட்டாத கல்லூரி ஒன்றிரண்டு இருக்கட்டும், வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இந்தூர் ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மைக் கழகம்) 2011 முதல் நடத்தும் ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு. இரண்டுக்கும் விண்ணப்பக் காலம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். மே மாதம் வந்து கேட்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. அதனால் இப்போதெல்லாம் காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே வகுப்பில் பேசிவிடுகிறேன்.

சில வருடம் முன்பு ஒரு பையன் பயத்தில் முதலில் கூப்பிட்ட தனியார் கல்லூரியில் பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டான். இரண்டு வாரத்தில் அரசுக் கல்லூரியில் சீட் வந்தது. சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டு என்றார்கள். அசலைச் சரிபார்த்துத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. அந்த அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு நானும் அவன் அம்மாவும் நான்கு முறை அலைந்தோம். அதன்பிறகு ஒவ்வொரு பட்டியலிலும் கலந்தாய்வுத் தேதிகளுக்கு ஒரு கட்டம் போடச் சொல்கிறேன். அரசுக் கலந்தாய்வுத் தேதிக்கு முன்னால் வேறெங்கும் பணம் கட்டுவதாக இருந்தால், கட்டும் முன் எனக்கு ஒரு போன்.

அந்த மாணவி பெரியார் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். பிஷப் ஹீபரில் சுயநிதிப் பிரிவிலும் சீட் வந்தது. தாளில் அதற்கு நேரே போட்டிருந்த தொகையை அப்பாவும் மகளும் பார்த்தார்கள், வேண்டாம் என்று அவளே சொன்னாள்.