பல்லுக்குள் பூட்டி வைத்த மருந்து

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்தார்: “எட்டு வயது மகனுக்குக் கடைவாய்ப் பல்லில் ஆழமான சூத்தை. ஒரு டொக்டர் நரம்பை முழுக்க எடுக்க வேணும் என்கிறார். மற்றவர் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை உயிரோடு வைத்திருக்கலாம் என்கிறார். யாரை நம்புவது?”

எக்ஸ்ரே பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் இரண்டாமவர் சொல்வதில் எவ்வளவோ விஷயம் இருக்கிறது.

பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், அதற்குள் பற்கூழ். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நாம் நரம்பு என்று சொல்லும் அந்தக் கூழில் இரத்தக் குழாய்களும், தேவை வந்தால் டென்டின் கட்டக்கூடிய குருத்தணுக்களும் இருக்கின்றன.

1965இல் ககேஹாஷி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளிலோ, துளைக்குள் சாப்பாடு போய் அடைந்தும்கூட, கூழ் பிழைத்துத் துளைக்குக் குறுக்கே புதிய டென்டினால் பாலம் போட்டது. கூழைச் சாகடிப்பது பற்றீரியாதான் என்பது அன்றைக்கு வெளிச்சமானது. எலிப் பல்லில் துளை போடக் காசா என்று யாராவது தடுத்திருந்தால் இது தெரிய வந்திராது. ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, பாலம் கட்டச் சொல்லி அந்தக் கலங்களுக்கு யார் சொன்னது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல் உருவாகும்போதே, டென்டினைக் கட்டும் கலங்கள் வளர்ச்சிப் புரதங்களையும் அதற்குள் வைத்துப் பூசிவிடுகின்றன. அவை ஆண்டுக்கணக்கில் அங்கே அசையாமல் கிடக்கின்றன. மேல்பகுதியை எடுத்த பிறகு டொக்டர் மிச்சக் கூழின் மேல் வைக்கும் எம்டிஏ என்ற பூச்சு, வீடு கட்டும் போட்லண்ட் சீமெந்தின் உறவு. 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாட் குழு உருவாக்கியது. ஈரம் பட்டு இறுகும்போது கல்சியம் ஐதரொட்சைட்டை வெளிவிடும். காரம் பிஎச் 12ஐத் தொடும். அந்தக் காரம் பக்கத்து டென்டினைக் கொஞ்சம் அரிக்க, பூட்டிக் கிடந்த புரதங்கள் கசிகின்றன. அந்தத் தடத்தைப் பிடித்துக் குருத்தணுக்கள் காயத்துக்கு வந்து சேர்ந்து, டென்டின் கட்டத் தொடங்குகின்றன. தன் காயத்துக்கான மருந்தைப் பல் பிறக்கும்போதே கொண்டு வந்திருக்கிறது!

இது பலிக்க, கூழில் அழற்சி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது முக்கியம். கூழை வெட்டிய இடத்தில் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிகொல்லியில் நனைத்த பஞ்சை அழுத்தினால், ஐந்து பத்து நிமிடத்தில் இரத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உள்ளே எடுக்க வேண்டும். எச்சில் படாமல் ரப்பர் விரிப்புக் கட்டுவதும் அவசியம். சின்ன வயதில் வேர் நுனி திறந்திருப்பதால் இரத்த ஓட்டம் தாராளம். கூழ் உயிரோடிருந்தால் வேரும் வளர்ந்து முடியும். வயது வந்தவர்களுக்கும் இது சரிவருகிறது.

எங்கள் வீடுகளில் இன்னும் பல்லுக்குள் புழு என்று சொல்லிக் கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கிறார்கள். சூத்தையில் புழு கிடையாது. அப்படிப் போகிற ஒவ்வொரு வாரமும் கூழின் ஆயுளில் கழிகிறது. இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா, டொக்டரிடம் ஒன்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்: மேலே நிரந்தர அடைப்போ உறையோ எப்போது? தற்காலிக அடைப்போடு நாட்களைக் கடத்தினால் விளிம்பு கசியும், அந்த வழியாகப் பற்றீரியா திரும்பவும் உள்ளே போகும். முடிந்தால் அன்றைக்கே போடச் சொல்லுங்கள்.