இறந்தவரை மூளை ஏன் தேடிக்கொண்டே இருக்கிறது?

மாலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கால்கள் தாமாகவே கதவுப் பக்கம் போகின்றன. இரண்டு டம்ளர் எடுத்து வைத்த பிறகுதான் காபிக்கு ஒன்று போதும் என்பது உறைக்கிறது. கணவரையோ மனைவியையோ இழந்த வீடுகளில் மாதக்கணக்கில் நடப்பது இது. புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. மூளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதன் கையில் இருக்கும் வரைபடம்தான் பழையது.

நார்வேயில் மூளை ஆய்வாளர்களான மோசர் தம்பதியின் ஆய்வகம் 2013இல் எலிகளிடம் ஒன்றைக் கண்டது. எலி உலவும் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு அதை எடுத்துவிட்டார்கள். பொருள் முன்பு இருந்த இடத்துக்கு எலி வந்ததும் சில நரம்புச் செல்கள் துடித்தன. பொருளை எடுத்துப் பல நாளான பின்னும் அந்தத் துடிப்பு அடங்கவில்லை. இதை அப்படியே மனிதர் மேல் ஏற்றிவிட முடியாது. ஆனால் துக்கத்தை ஆராயும் மேரி பிரான்சிஸ் ஓ'கானர் இந்த வழியாகத்தான் யோசிக்கிறார். அவர் பார்வையில் துக்கம் ஒருவகைக் கற்றல். "இன்றும் வரவில்லை" என்ற பாடத்தை மூளை ஒவ்வொரு நாளும், வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. நேரம் பிடிப்பது அதனால்தான்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் இவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான். பின்னால் இது உயிரோடு இருப்பவர்களின் துக்கத்துக்கும் ஏணியாக வைக்கப்பட்டது. "எனக்குக் கோபமே வரவில்லையே, நான் சரியாகத் துக்கப்படவில்லையோ" என்ற வீண் குற்றவுணர்வுதான் மிச்சம்.

உண்மைக்கு நெருக்கமான சித்திரம் ஊஞ்சல். நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த விளக்கம் இது. ஒரு பக்கம் இழப்பு: அழுகை, ஏக்கம், புகைப்படம். மறுபக்கம் வாழ்க்கை: கேஸ் புக் செய்வது, பேங்க் வேலை, தனியாகப் பஸ் ஏறுவது. நலமாகத் தேறுபவர்கள் இரண்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பக்கத்தில் ஊஞ்சல் நின்றுபோனால்தான் சிக்கல். நம் சடங்குகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒப்பாரி, பதினாறாம் நாள் காரியம், யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திதி என ஒவ்வொன்றும் அழ ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் வேலைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஓட்டை எங்கே என்றால், காரியம் முடிந்ததும் சொந்தபந்தங்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவதில். வீடு நிஜமாக வெறிச்சோடுவது அப்போதுதான். ஆறுதல் சொல்ல நினைப்பவர்கள் மூன்றாவது வாரத்துக்குப் பிறகு போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. முதல் இரண்டு வாரம் காலையில் எழும் நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறாமல் இருந்தால் அதுவே பெரிது. தூக்கம் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, எழுவது கையில் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் 20 முதல் 30 நிமிடம் நடக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வேறொருவர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும், கட்டாயம் மறந்துபோகும். இந்தியாவில் மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழைப் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், வங்கிக் கணக்கு என்று நாளைக்கு ஒரே ஒரு காகித வேலை போதும். எல்லாவற்றையும் மகனே ஓடி முடிப்பது அன்பாகத் தெரியும், ஆனால் அம்மாவின் ஊஞ்சலுக்கு மறுபக்கமே இல்லாமல் போய்விடும். அவரையும் கூட அழைத்துப் போய், படிவத்தை அவர் கையால் நிரப்பச் சொல்லுங்கள்.

அழுகைக்கும் இடம் வேண்டும். தினம் 20 நிமிடம் படத்தின் முன் உட்காரலாம். ஆனால் எழுந்ததும் செய்ய ஒரு கைவேலையை முன்பே முடிவுசெய்து வைக்க வேண்டும். கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் விடுவது போல எதுவும் சரி.

தவிர்க்கத் தோன்றும் இடங்களைத் தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை வேதனை மதிப்பெண் போடுங்கள். 30, 40 அளவில் உள்ளதை எடுத்து, மதிப்பெண் இறங்கும்வரை தினமும் அங்கே போய் வரலாம். 90 உள்ள ஆஸ்பத்திரித் தெருவில் தொடங்கினால் மறுநாள் யாரும் வெளியே வரமாட்டார்கள். துணிமணிகளை முதல் வாரத்திலேயே மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள், பலர் பின்னால் ஏங்குவது அதற்குத்தான். அறையைப் பூட்டிச் சாவியை ஒளிப்பதும் உதவாது.

தூக்க மாத்திரைக்கு அவசரப்பட வேண்டாம். மனநோய் இல்லாமல் துக்கத்தில் மட்டும் இருப்பவர்களுக்கு பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லிவிட்டது. நெஞ்சுவலியையும் "துக்கம்தான்" என்று ஒதுக்கக் கூடாது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் 21 மடங்கு கூடுகிறது என்று 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த நாளில் வலி வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

கணவர் அல்லது மனைவியின் மரணத்துக்கு முன்பே தொடங்கி அதன் பின் 18 மாதம் வரை 205 பேரைத் தொடர்ந்து கவனித்த ஜார்ஜ் பொனானோ குழு, ஏறக்குறைய 46 சதவீதத்தினர் எந்தக் கட்டத்திலும் பெரிய மனச்சோர்வுக்குள் விழவில்லை என்று 2002இல் எழுதியது. பத்தாம் நாள் பேரன் சேட்டைக்குச் சிரித்துவிட்டால் அன்பு குறைவு என்று பொருளில்லை.

ஆனால் நூற்றில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஊஞ்சல் நின்றுவிடுகிறது. ஆறு மாதம் தாண்டியும் அநேகமாகத் தினமும் அதே தீவிர ஏக்கம், சமைக்கவோ வெளியே போகவோ முடியாத நிலை என்றால் அது நீடித்த துக்க நோய். இதற்கென்றே கேத்ரின் ஷியர் உருவாக்கிய சிகிச்சை சுமார் 16 அமர்வுகள் கொண்டது. மரணச் செய்தி வந்த கணத்தை நோயாளி கண்மூடிச் சொல்ல, அதைப் பதிவுசெய்து வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வார்கள். இதைத் தனியாக முயலக் கூடாது, பயிற்சி பெற்ற ஒருவர் கூட இருக்க வேண்டும். 2005இல் வந்த ஆய்வில் இந்த முறையில் 51 சதவீதத்தினர் தேறினர், வழக்கமான பேச்சு சிகிச்சையில் 28 சதவீதம். "நானும் அவரோடு போய்விட்டால் தேவலை" என்று ஒருவர் சொன்னால் ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்கக் கூடாது. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணை அன்றைக்கே அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.