மரச்சுவரின் அடியில் சிமெண்ட் பூசாதீர்கள், தயவுசெய்து

மறுபடியும் அதே கதை. இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு பழைய மரக் கட்டடத்தைப் பார்க்கப் போனால், சுவரின் அடியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்ட். "மரம் இற்றுப்போகக் கூடாதே என்றுதான் பூசினோம்" என்கிறார் உரிமையாளர். ஓரத்தில் உளியால் தட்டிப் பெயர்த்தேன். உள்ளே மரமே இல்லை, விரலால் அள்ளும்படி ஈரத்தூள்தான்.

இவர்களைக் கையைப் பிடித்து கிரீன்ஸ்டெட் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சிப்பிங் ஓங்கர் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோயில் அது. ஓக் கட்டைகளை நெடுக்காகப் பிளந்து, தட்டைப் பக்கம் உள்ளேயும் உருண்ட பக்கம் வெளியேயும் வருமாறு நெருக்கி நிறுத்திய சுவர். காற்று புகாமலிருக்க, கட்டைக்குக் கட்டை காடி வெட்டி மரப்பட்டி செருகியிருக்கிறார்கள். மர வளையங்களை வைத்து முதலில் 845-ஆம் ஆண்டு என்றார்கள், பிறகு 1990-களில் மறுபடி ஆராய்ந்து, 1063-க்குப் பிறகு வெட்டிய மரம் என்று திருத்தினார்கள். வயது குறைந்துவிட்டதே என்று சிலருக்கு வருத்தம். 900 வருஷம் போதாதா?

"மரம் மழையில் நனைந்தால் போச்சு" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. கிரீன்ஸ்டெட் கட்டைகளின் வெளிப்பக்கத்தில் இத்தனை நூற்றாண்டு மழை அடித்திருக்கிறது, நனைகிறது, காற்றில் காய்கிறது, மறுபடி நனைகிறது, அவ்வளவுதான், இன்றும் நிற்கிறது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறி, இறங்க வழியில்லாமல் கிடக்கும்போதுதான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், சிமெண்ட் பூசினால் நடப்பதும் அதுதான். தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய டால்படில் தியாகிகள் எனப்படும் ஆங்கிலேய விவசாயத் தொழிலாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன் 1839-இல் இங்கே திருமணம் செய்துகொண்டபோது, மேலே கெட்டியாக நின்ற இதே கட்டைகள் அடியில் இற்றுக்கொண்டிருந்தன. 1848-இல் பழுதுபார்த்தவர்கள் உளுத்த அடியை அறுத்தெறிந்துவிட்டு, செங்கல் மேடை கட்டி, அதன்மேல் ஓக் அடிச்சட்டம், அதாவது சுவரைத் தாங்கும் படுக்கைக் கட்டை, போட்டு மரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். விக்டோரியா காலத்துப் பழுதுபார்ப்பு என்றால் எங்கள் தொழிலில் திட்டத்தான் செய்வோம், பல இடங்களில் அது நியாயமும்கூட. இங்கே அவர்களுக்கு ஒரு கும்பிடு. நார்வேயின் போர்குண்ட் மரக்கோயில் 12-ஆம் நூற்றாண்டிலேயே கல்லின்மேல் அடிச்சட்டம் வைத்து எழுப்பியது, அதனால்தான் இன்னும் இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சுவரடியில் சேர்ந்த மண்ணை வழித்துத் தள்ளுங்கள். மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று மழை பெய்யும்போது வெளியே போய்ப் பாருங்கள், வெயிலில் பார்த்து என்ன பயன்? சந்து அடைக்க வேண்டுமானால் சுண்ணாம்புக் காரை, சிமெண்ட் வேண்டவே வேண்டாம். பளபள வார்னிஷும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் அடிச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள். சட்டென்று இறங்கினால், மேலே எதையாவது பூசி மறைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். அப்புறம் அந்தப் பூந்தொட்டிகள். அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் மரத்துக்குத்தான் போகிறது, இரண்டடி தள்ளி வையுங்களேன்.