டவரின் பேச்சு காம்பவுண்டு சுவரோடு சரி

நான் விமானப் படையில் கண்ட்ரோல் டவர் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும், சேலையூர் பக்கம் குடியிருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரே பிளேன் ஏன் சார் சும்மா சும்மா சுத்தி வருது?"

பக்கத்தில் இருக்கும் தாம்பரம் விமானப் படைத் தளத்தில் 1954 முதல் இயங்குவது விமானப் பயிற்றுநர்களுக்கான பள்ளி. அங்கே வருகிறவர்கள் ஏற்கெனவே விமானிகள். மற்றவர்களுக்குக் கற்றுத்தரக் கற்கிறார்கள். ஓடுபாதையைத் தொட்ட வேகத்திலேயே மறுபடி எழும்பி, ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வருவதும் பாடத்தில் உண்டு. நாங்கள் அதை 'சர்க்யூட்' என்போம்.

சர்க்யூட்டில் ஒரே நேரத்தில் சிலர் இருந்தால், யாருக்குப் பின்னால் யார் இறங்குவது என்ற வரிசை கண்ட்ரோலர் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மீனம்பாக்கம் விமான நிலையம் வேறு. அங்கே வந்து போகும் பயணிகள் விமானங்களின் வழியில் நம் ஆள் குறுக்கிடக் கூடாது. இறங்க வருகிறவர் சக்கரம் மூன்றும் பூட்டிக்கொண்டதற்கு அடையாளமாக 'மூன்று பச்சை' என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது என்று ஓடுபாதை ஓரத்தில் கேரவன் என்ற சின்ன அறையில் ஒருவர் உட்கார்ந்து கண்ணாலும் பார்ப்பார். சக்கரம் வெளியே வரவில்லையென்றால் சிவப்பு வாணம் சுடுவார். அதற்குமுன் என்ன அனுமதி கிடைத்திருந்தாலும் சரி, அதைக் கண்ட விமானி இறங்கக் கூடாது. ரேடியோவே செத்துப்போனால் டவரிலிருந்து விளக்கு காட்டுவோம்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் இன்னொருவருக்கு வழி விட்டுச் சுற்று.

இத்தனை ஏற்பாடும் காம்பவுண்டு சுவருக்கு உள்ளேயும் தளத்தின் விமானங்களுக்கும்தான். வெளியே மொட்டை மாடியிலிருந்து கிளம்பும் எதற்கும் டவர் உத்தரவு போட முடியாது. பட்டமோ கையளவு ட்ரோனோ பெரும்பாலும் ரேடாரில் தெரிவதும் இல்லை.

ஒரு கணக்கு போடுங்கள். வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்கும் விமானம், தரை தொடும் இடத்துக்கு 2 கிலோமீட்டர் முன்னால் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும். நாலு மாடி வீட்டு உச்சியில் நின்று பட்டம் விடும் பையனுக்கு அது எட்டாத உயரமா என்ன?

கல்யாண வீடியோக்காரர்கள் "இது குட்டி ட்ரோன், லைசென்ஸ் வேண்டாம்" என்பார்கள். 250 கிராமுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எந்த எடையிலும் பறக்கவிடக் கூடாது. மஞ்சள் மண்டலம் என்றால் அந்தப் பகுதி விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணைய வரைபடத்தில் மண்டபம் எந்த நிறத்தில் விழுகிறது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

திருவிழா லேசரை வானத்துக்குத் திருப்பினால், இறங்கும் கடைசி நிமிடத்தில் விமானியின் கண் கூசிப்போகும். அந்த நேரத்தில் அவர் வெளியே பார்த்துத்தான் இறக்குகிறார்.

எனக்கு இதையெல்லாம்விடக் கோபம் வருவது ஞாயிற்றுக்கிழமை கோழிக் கழிவில்தான். ஒரு மூட்டையை ஏரிக்கரையில் வீசினால், விமானம் வரும் வழியிலேயே மோதுகிற மாதிரி பருந்துகள் வட்டமிட ஆரம்பித்துவிடும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இப்படிக் கொட்டுவதற்கு விமான விதிகளிலேயே தடை உண்டு. கறிக்கடைக்காரர் மூட்டையை எங்கே கொண்டுபோகிறார் என்று வாங்குகிற நாமே கேட்கலாம். பதில் சரியில்லையென்றால் மாநகராட்சியில் புகார் கொடுக்கலாம்.